கட்டுமரம் செலுத்துதல்

கட்டுமரம் செலுத்துதல் என்பது, ஒன்றோடொன்று கட்டப்பட்ட மரத்துண்டுகளாலான மிதவையைத் துடுப்பின் துணையால் கடலில் இயக்கும் மீனவர் தொழில்நுட்பம் ஆகும். துடுப்பைப் பிடிக்கும் முறை, உடலை நிறுத்தும் முறை, அலையைக் கணிக்கும் முறை ஆகிய மூன்றும் இதில் அடங்கும். சோழமண்டலக் கடற்கரையில், துறைமுகமோ அலைத்தடுப்புச் சுவரோ இல்லாத திறந்த மணற்கரைகளில் இக்கலை வளர்ந்தது. சென்னையின் அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே அமைந்துள்ள ஊரூர் ஒல்காட் குப்பம் இத்தகைய கரைகளுள் ஒன்றாகும். நகரத்தின் நடுவே இருந்தும் இங்குள்ள மீனவர்கள் நேரடியாகக் கரையிலிருந்தே கடலுக்குள் செல்கின்றனர்.

கட்டுமரத்துக்குப் பக்கச்சுவரோ, இருக்கையோ, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோ கிடையாது. எனவே அதன் மேல் இருப்பவரின் உடற்சமநிலையே கலத்தின் சமநிலையாகிறது. ஒருவர் தவறாக அமர்ந்தாலோ துடுப்பைத் தவறான பக்கத்தில் ஊன்றினாலோ உடையும் அலை கலத்தைப் புரட்டிவிடும். இக்காரணத்தால் இது தொழில்திறனாக மட்டுமன்றி உயிர் காக்கும் அறிவாகவும் விளங்குகிறது.

பெயர்

"கட்டு", "மரம்" ஆகிய இரு சொற்கள் சேர்ந்து கட்டுமரம் என்றாயின. மீனவர்கள் பேச்சுவழக்கில் இதனைச் சுருக்கமாக "மரம்" என்றே கூறுவர். இச்சொல் ஆங்கிலம் முதலிய ஐரோப்பிய மொழிகளில் "கேட்டமரான்" எனத் திரிந்து வழங்குகிறது. ஆங்கிலேயக் கடலோடியான வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையில் வழங்கிய இம்மிதவையைப் பற்றி எழுதியுள்ளார். இன்று உலகெங்கும் இப்பெயர் இரட்டை உடல் கொண்ட படகுகளைக் குறிக்கிறது. அவற்றுக்கும் தமிழகக் கட்டுமரத்துக்கும் அமைப்பில் ஒற்றுமை குறைவு. இரட்டை உடற்படகில் இரு உடல்களுக்கு இடையே இடைவெளி உண்டு. கட்டுமரத்திலோ மரங்கள் நெருக்கமாக அடுக்கிக் கட்டப்படுகின்றன.

சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலப் பரதவரின் மீன்பிடிக் கலமாகத் திமில் பேசப்படுகிறது. தோணி, அம்பி, புணை, வங்கம், நாவாய் ஆகியனவும் அக்காலத்தில் வழங்கிய கலப்பெயர்களாகும்.

ஊரூர் ஒல்காட் குப்பமும் அதன் கரையும்

ஊரூர் குப்பம், ஒல்காட் குப்பம் ஆகிய அடுத்தடுத்த இரு மீனவக் குடியிருப்புகள் சேர்த்து ஊரூர் ஒல்காட் குப்பம் என அழைக்கப்படுகின்றன. பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரான ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டின் பெயரால் ஒல்காட் குப்பம் பெயர் பெற்றது. அச்சபையின் தலைமையகம் 1882-இல் அடையாற்றுக்கு மாற்றப்பட்டது. குப்பத்துக்கு வடக்கே அடையாறு முகத்துவாரமும், தெற்கே பெசன்ட் நகர் எலியட்சு கடற்கரையும் உள்ளன. 2015-ஆம் ஆண்டு இங்கு நடைபெற்ற இசை, நடன விழாவின் மூலம் இக்குப்பத்தின் பெயர் நகரின் பிற பகுதியினரிடையேயும் பரவலாக அறியப்பட்டது.

கட்டுமரம் செலுத்துவோர் இக்கரையின் மூன்று இயல்புகளைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, கரை முழுவதும் வங்காள விரிகுடாவை நோக்கித் திறந்துள்ளது. வெளிக்கடலிலிருந்து வரும் அலை எத்தடையும் இன்றிக் கரையை அடைகிறது.

இரண்டாவது, ஆற்றின் முகத்துவாரத்தில் மணல்திட்டு ஓயாது இடம் மாறுகிறது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் திட்டை அறுத்துக்கொண்டு கடலில் கலக்கும். கோடையில் மணல் சேர்ந்து வாய் குறுகும். ஆகவே சென்ற மாதம் ஆழமாக இருந்த இடம் இம்மாதம் ஆழமற்றதாக இருக்கலாம்.

மூன்றாவது, கரையோர நீரோட்டம் பருவத்துக்கேற்பத் திசை மாறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது பெரும்பாலும் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் செல்லும். ஆண்டு முழுமையும் கணக்கிட்டால் மணல் வடக்கு நோக்கியே மிகுதியாக நகர்கிறது.

வரலாறு

சென்னைத் துறைமுகப் பணிகள் 1870-களில் தொடங்கப்படும் வரை சென்னைக்குக் கப்பல் ஒதுங்குமிடம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளும் சரக்குகளும் மசூலா படகுகளில் கரைக்குக் கொண்டுவரப்பட்டனர். மசூலா படகின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது பலகைகள் சற்று வளைந்து கொடுத்ததால் படகு உடையவில்லை. கட்டுமரக்காரர்கள் இப்படகுகளுடன் சென்று, கவிழ்ந்து நீரில் விழுந்தோரை மீட்டனர். மசூலா படகும் செல்ல இயலாத கொந்தளிப்பு நாட்களில் கட்டுமரம் ஒன்றே கப்பலுக்கும் கரைக்கும் இடையே கடிதங்களைக் கொண்டு சென்றது. கடிதங்கள் நனையாதபடி அவற்றைத் தலையில் அணிந்த கூம்பு வடிவத் தொப்பிக்குள் வைத்துச் சென்றதாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன.

துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்டு வந்தபோதே 1881-ஆம் ஆண்டுப் புயலில் பெருஞ்சேதம் அடைந்து மீண்டும் கட்டப்பட்டன. அச்சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பகுதியில் கடல் அரிப்பு மிகுந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்சு ஆர்னெல் 1920-இல் வெளியிட்ட இந்தியக் கலங்கள் பற்றிய ஆய்வில் தென்னிந்தியக் கட்டுமர வகைகளை விரிவாகப் பதிவு செய்தார்.

மரத்தின் அமைப்பு

கட்டுமரத்துக்கு எடை குறைந்த மரங்களே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மூன்று முதல் ஏழு வரையிலான மரத்துண்டுகள் செதுக்கப்பட்டுக் கயிற்றால் கட்டப்படுகின்றன. நடுமரம் நீளமாகவும் தாழ்வாகவும் இருக்கும். பக்க மரங்கள் சற்று உயர்ந்து அமைவதால் மேற்பரப்பு நடுவில் குழிந்து காணப்படும். அணியம் எனப்படும் முன்முனை ஒடுங்கி மேல்நோக்கி வளைந்திருக்கும். இவ்வளைவு அலையைக் குத்தாமல் அதன் மேல் ஏறுவதற்கு உதவுகிறது. பெரிய மரம், சின்ன மரம் எனவும், பறக்கும் மீனான கோலா பிடிப்பதற்கென அமைந்தது கோலா மரம் எனவும் அளவுக்கும் பயனுக்கும் ஏற்பப் பெயர் வழங்கும்.

இவ்வமைப்பின் சிறப்புகள் இரண்டு. ஒன்று, கட்டுமரம் மூழ்குவதில்லை. மிதக்கும் ஆற்றல் மரத்திலேயே உள்ளதால் உள்ளே நீர் புகுந்து கலம் அமிழ்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலே ஏறிய நீர் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். மற்றொன்று, கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே தூக்கிச் சென்று மணலில் உலர்த்தலாம். மரம் நீரை உறிஞ்சும் இயல்புடையது. உலராத மரம் கனத்துத் தாழ்வாக மிதக்கும், செலுத்துவதும் கடினமாகும்.

துடுப்பு

கட்டுமரத் துடுப்பு ஒற்றை அலகு உடையது. செதுக்கிய பலகையிலிருந்து இது செய்யப்படுகிறது. துடுப்புக்கு மூன்று பணிகள் உண்டு: கலத்தை முன்னே செலுத்துதல், திசை திருப்புதல், சாயும்போது தாங்குதல்.

பிடியில் ஒரு கை தண்டின் மேல்முனைக்கு அருகிலும் மறு கை அலகுக்குச் சற்று மேலும் இருக்கும். இரு கைகளுக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ தோளின் அகலம் அல்லது அதைவிடச் சற்று மிகுதி. கைகள் மிக நெருங்கினால் நெம்பும் ஆற்றல் குறையும். மிக விலகினால் உடல் முன்னே வளைந்து சமநிலை கெடும். விரல்கள் தண்டை இறுக்கிப் பிசையாமல் சுற்றிப் பிடிக்க வேண்டும். இறுகப் பிடித்தால் முன்கைத் தசைகள் விரைவில் தளரும். நெடுநேரம் வலிப்பவருக்கு இது பெருங்குறையாகும். வலப்பக்கம் துடுப்பிடும்போது இடக்கை மேலும் வலக்கை கீழும் இருக்கும். பக்கம் மாற்றும்போது கைகளும் இடம் மாறும்.

உடல்நிலை

மண்டியிட்ட நிலை

கடலில் பெரும்பகுதி நேரம் மீனவர் முழங்கால்களை மரத்தில் ஊன்றிக் குதிகால்களின் மேல் அமர்ந்து துடுப்பிடுகின்றனர். பழைய ஓவியங்களிலும் ஒளிப்படங்களிலும் கட்டுமரக்காரர்கள் இந்நிலையில் காணப்படுகின்றனர். இதன் பயன் எளிதில் விளங்கும். உடலின் புவியீர்ப்பு மையம் தாழ்கிறது. முழங்கால்களும் கால்விரல்களும் மரத்தைத் தொடுவதால் தாங்குபரப்பு அகலமாகிறது. கலம் சாயும்போது இடுப்புக்குக் கீழுள்ள பகுதி கலத்துடன் சாயும். இடுப்புக்கு மேலுள்ள பகுதி நிமிர்ந்தே நிற்கும். இடுப்பு ஒரு கீல் போலச் செயற்படுகிறது எனலாம்.

முழங்கால்கள் இரண்டும் ஒட்டியிருத்தல் கூடாது. அவை இடுப்பின் அகலத்துக்கு விலகி, நடுமரத்தின் இருபுறமும் எடை சமமாக விழும்படி இருக்க வேண்டும். முதுகு நேராக, ஆனால் விறைப்பின்றி இருக்கும். பார்வை துடுப்பின் மேலன்றி வரும் அலையின் மேல் இருக்க வேண்டும்.

நின்ற நிலை

வலை விடும்போதும், தொலைவில் மீன்கூட்டத்தைத் தேடும்போதும், அலைப்பகுதியில் சில வேளைகளிலும் நிற்க நேரிடும். அப்போது கால்கள் தோளகலம் விலகி, முழங்கால்கள் சற்று மடங்கி, எடை பாதம் முழுவதிலும் பரவியிருக்க வேண்டும். முழங்காலை விறைப்பாக நிமிர்த்தி நிற்பவரை மரத்தின் ஒவ்வோர் அசைவும் தள்ளிவிடும். மடங்கிய முழங்காலோ அசைவை உள்வாங்கிக் கொள்ளும். முன்னும் பின்னும் ஆடும் கலத்தில் ஒரு காலைச் சற்று முன்வைத்தல் நன்று. கையிலுள்ள துடுப்பின் அலகை நீர்ப்பரப்பில் படுக்கவைத்து அழுத்தினால் அது தற்காலிக ஊன்றுகோலாகும்.

துடுப்பு வலித்தல்

ஒரு வலிப்பு நான்கு கட்டங்களைக் கொண்டது.

1. எட்டுதல்: கீழ்க்கைப் பக்கத்துத் தோளை முன்னே திருப்பித் துடுப்பை முன்நீட்டுதல். இடுப்பை வளைத்துக் குனிவதன்று. உடற்பகுதியைத் திருகுவதே முறை.

2. இறக்குதல்: அலகு முழுவதும் நீரில் அமிழும்படி துடுப்பை இறக்குதல். பாதி அமிழ்ந்த அலகை இழுத்தால் நீர் தெறிக்குமேயன்றிக் கலம் நகராது.

3. இழுத்தல்: திருகிய உடலை நேராக்குவதன் மூலம் அலகைப் பின்னோக்கி இழுத்தல். மேற்கை முன்னே தள்ளும். கீழ்க்கை பின்னே இழுக்கும். விசையின் பெரும்பகுதி முதுகு, வயிற்றுத் தசைகளிலிருந்து வருகிறது. துடுப்பு கலத்தின் ஓரத்தை ஒட்டிச் செங்குத்தாகச் செல்ல வேண்டும்.

4. எடுத்தல்: அலகு இடுப்புக்கு நேரே வந்ததும் அதனை நீரிலிருந்து பக்கவாட்டில் உருவி எடுத்தல். இடுப்பைத் தாண்டி இழுத்தால் அலகு நீரை மேல்நோக்கித் தூக்கும். கலத்தின் பின்பகுதி நீரில் அழுந்தும்.

ஒருவர் மட்டும் செலுத்தும்போது சில வலிப்புகளுக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவார். ஒரே பக்கம் வலித்தால் கலம் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இருவர் இருந்தால் ஒருவர் இடமும் மற்றவர் வலமும் வலிப்பர். முன்னிருப்பவர் தாளத்தை அமைப்பார். பின்னிருப்பவர் அதனைப் பின்பற்றுவதுடன் திசையையும் காப்பார்.

திசை திருப்புதல்

துடுப்பைக் கலத்தின் ஓரமாகச் செங்குத்தாக இழுத்தால் கலம் முன்செல்லும். அதையே முன்முனையிலிருந்து அகன்ற அரைவட்டமாக வீசினால் கலம் எதிர்ப்பக்கம் திரும்பும். துடுப்பைப் பின்பகுதியில் நாட்டிப் பிடித்தால் அது சுக்கானாகப் பயன்படும். விரைந்து நிறுத்த வேண்டுமாயின் அலகை நீரில் நாட்டி முன்னோக்கித் தள்ள வேண்டும். கரை திரும்பும்போது இந்நிறுத்தும் வலிப்பு மிக இன்றியமையாததாகும்.

அலையைக் கடந்து கடலுக்குள் செல்லுதல்

கரைப்பகுதியில் அலை உடைவதற்கு ஆழக்குறைவே காரணம். பொதுவாக, நீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடைகிறது. அதாவது 1 மீட்டர் உயர அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். பெரிய அலை கரைக்குத் தொலைவிலும் சிறிய அலை கரைக்கு அருகிலும் உடைவது இதனால்தான். அலை உடையும் கோட்டைக் கொண்டே நீருக்கடியில் மணல்திட்டு எங்குள்ளது என்பதை அனுபவமுள்ளோர் கணிக்கின்றனர்.

அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சில பெரிய அலைகள் தொடர்ந்து வந்தபின் சிறிது நேரம் சிறிய அலைகள் வரும். மீனவர் கரையில் நின்று இத்தொகுதிகளை எண்ணிப் பார்த்த பின்னரே மரத்தைத் தள்ளுவர். தள்ளும் முறை பின்வருமாறு அமையும்.

- முன்முனை அலைக்கு நேரே இருக்கும்படி மரத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீர் வரை நடத்தல்.
- பெரிய அலைத்தொகுதியின் கடைசி அலை கடந்ததும் மரத்தின் மேல் ஏறி உடனே வலித்தல்.
- எதிர்வரும் அலையை நேராக எதிர்கொள்ளுதல். சாய்வாக எதிர்கொண்டால் அலை கலத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் புரட்டும்.
- அலை முன்முனையைத் தூக்கும்போது உடலை முன்னே சாய்த்தல். பின்னே சாய்ந்தால் முன்முனை மேலும் உயர்ந்து மரம் பின்புறமாகக் கவிழும்.
- அலை உடலைக் கடக்கும் வேளையிலும் துடுப்பை நீரிலிருந்து எடுக்காமல் வலித்தல். வேகம் இழந்த மரத்தை அடுத்த அலை கரைக்கே தள்ளிவிடும்.

அலை ஒருவரை அடித்து வீழ்த்துவது அரிதன்று. அவ்வாறு விழுந்தவர் நீந்திச் சென்று மரத்தில் மீண்டும் ஏறிக்கொள்வார். மரம் மூழ்காது என்பதே இத்துணிவுக்கு அடிப்படையாகும்.

கரை திரும்புதல்

கடலுக்குள் செல்வதைவிடக் கரை திரும்புவதே இடர் மிகுந்தது. செல்லும்போது அலை கண்முன் வருகிறது. திரும்பும்போது முதுகுப்புறம் வருகிறது. மேலும், சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். துடுப்பால் செலுத்தப்படும் கட்டுமரத்தால் அவ்வேகத்தை எட்ட இயலாது. எனவே அலை கலத்தை முந்துவது உறுதி. எந்த அலை, எந்த நிலையில் முந்துகிறது என்பதே கேள்வி.

உடையும் அலையின் முன்சரிவில் மாட்டிக்கொண்ட மரம் சறுக்கி விரையும். அப்போது முன்முனை நீரில் குத்தினால் மரம் குட்டிக்கரணம் அடிக்கும். சற்றே பக்கம் திரும்பினாலும் அலை அதனைக் கரைக்கு இணையாக உருட்டிவிடும். மீன், வலை, மனிதர் மூவருக்கும் கேடு நேர்வது இவ்விடத்தில்தான்.

இதனைத் தவிர்க்க, மீனவர் அலை உடையும் பகுதிக்கு வெளியே மரத்தை நிறுத்திக் காத்திருப்பர். பெரிய அலைத்தொகுதி கடந்ததும் அதன் கடைசி அலையின் முதுகை ஒட்டி விரைந்து வலிப்பர். பின்னால் வேறோர் அலை எழுந்தால் முன்னே தள்ளும் வலிப்பால் வேகத்தைக் குறைத்து அதனை முன்செல்ல விடுவர். தப்பாமல் அலையில் ஏற நேர்ந்தால் அனைவரும் பின்பகுதிக்கு நகர்ந்து முன்முனை உயரச் செய்வர். பின்னிருப்பவர் துடுப்பைச் சுக்கானாக நாட்டி, மரம் அலைக்குச் செங்குத்தாக இருக்கும்படி காப்பார்.  மணல் தட்டியதும் கலத்துக்கும் கரைக்கும் நடுவே நிற்றல் ஆகாது. நீரில் நனைந்து கனத்த மரத்தை அடுத்த அலை தூக்கி எறிந்தால் கால் முறியக்கூடும். எனவே மரத்தின் பின்முனையருகே பக்கவாட்டில் இறங்கி, அடுத்த அலையின் உந்துதலைப் பயன்படுத்தியே மரத்தை மேலேற்றுவர்.

காற்றும் நீரோட்டமும்

வடக்கிலிருந்து வீசுவது வாடை, தெற்கிலிருந்து வீசுவது தென்றல், கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், மேற்கிலிருந்து வீசுவது கச்சான் எனப் பொதுவாக வழங்கும். அதிகாலையில் நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று வெளியே செல்ல உதவும். பகலில் நிலம் சூடேறிய பின் கடலிலிருந்து வீசும் காற்று கரை திரும்ப உதவும். பாய் கட்டிச் செல்லும் மரங்கள் இம்முறையைப் பயன்படுத்தின. துடுப்பை மட்டும் நம்பியவர்களுக்கும் இதனால் உழைப்பு குறைந்தது.

பக்கவாட்டு நீரோட்டம் வலுவாக உள்ள நாளில் கரையிலுள்ள இரு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்துத் தம் இடத்தை அறிவர். இரண்டும் விலகத் தொடங்கினால் மரம் இழுபடுகிறது என்பது பொருள். அப்போது சேர வேண்டிய இடத்துக்குச் சற்று மேலோட்டமான திசையை நோக்கி முன்முனையைத் திருப்பி வலிக்க வேண்டும்.

பொதுவான தவறுகள்

- கையால் மட்டும் வலித்தல். தோள் விரைவில் தளரும். திரும்பும்போது தேவைப்படும் வலிமை எஞ்சாது.
- துடுப்பின் அலகைப் பார்த்துக்கொண்டே வலித்தல். பக்கத்திலிருந்து வரும் அலை கண்ணில் படாது.
- அச்சத்தால் உடலை விறைத்தல். விறைத்த உடல் கலத்துடன் சேர்ந்து சாயும்.
- சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பாய்தல். மரம் மறுபுறம் கவிழும். சாயும் பக்கத்தில் துடுப்பைப் படுக்கவைத்துத் தாங்குவதே சரியானது.
- கவிழ்ந்தபின் மரத்தை விட்டுக் கரைக்கு நீந்துதல். கடலில் தனித்து நீந்துபவரைக் காண்பது அரிது. மரத்தைக் காண்பது எளிது.

பாதுகாப்பு

எலியட்சு கடற்கரையில் குளிப்போர் நீரில் மூழ்கி இறப்பது பல ஆண்டுகளாக நிகழ்ந்து வரும் துயரமாகும். அங்குள்ள நினைவுச்சின்னம், 1930-இல் பிறரைக் காப்பாற்ற முயன்று மூழ்கி இறந்த டென்மார்க் நாட்டவரான கார்ல் இசுமித்துக்காக எழுப்பப்பட்டது. கரையில் குவிந்த நீர் ஒடுங்கிய ஓடையாகக் கடலுக்குத் திரும்பும்போது உண்டாகும் இழுவை நீரோட்டம் இவ்விபத்துகளுக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இவ்வோடையில் ஆழம் மிகுதியாதலால் அலை குறைவாகவே உடையும். அமைதியாகத் தோன்றும் இவ்விடத்தையே கடல் அறியாதோர் குளிப்பதற்குத் தேர்வு செய்துவிடுகின்றனர். இதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகச் சிறிது தொலைவு நீந்தி ஓடையை விட்டு விலகியபின் கரை சேர வேண்டும்.

கட்டுமரத்தில் செல்வோருக்கும் உயிர்காப்பு உடை இன்றியமையாதது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலையின் உயரம், காற்று ஆகியன பற்றிய முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. முன்னறிவிப்பு வெளிக்கடலின் பொதுநிலையைக் கூறும். குறிப்பிட்ட கரையில் மணல்திட்டு எங்குள்ளது, அலை எங்கு உடைகிறது என்பதை அக்கரையில் நிற்பவரே காண இயலும்.

பனிச்சறுக்குடன் ஒப்பீடு

கையில் கோல் கொண்டு, நழுவும் பரப்பின் மேல் உடலை நிறுத்தும் கலைகள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. பனிச்சறுக்கு அவற்றுள் ஒன்று. இந்தியாவில் காசுமீரின் குல்மார்க்கு, உத்தராகண்டத்தின் ஔலி ஆகிய இடங்களில் இது பயிலப்படுகிறது. பனிச்சறுக்கிலும் முழங்காலும் கணுக்காலும் மடங்கி, உடல் சற்று முன்சாய்ந்து, கைகள் உடலுக்கு முன்னே இருக்க வேண்டும். கோலை நிலத்தில் ஊன்றி நிற்கும்போது முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கினால் கோலின் நீளம் பொருத்தமானது எனக் கொள்வர்.

வேறுபாடும் குறிப்பிடத்தக்கது. சரிவில் இறங்கும் சறுக்கு வீரருக்குக் கோல் பெரும்பாலும் திருப்பத்தின் தாளத்தைக் குறிக்கவும் சமநிலைக்கும் பயன்படுகிறது. உந்துவிசை சரிவிலிருந்து கிடைக்கிறது. சமவெளிச் சறுக்கிலோ இரு கோல்களையும் ஒருங்கே ஊன்றி உடற்பகுதியை மடக்கித் தள்ளுவர். கையைவிட உடற்பகுதியே விசை தருகிறது என்ற அளவில் இது துடுப்பு வலித்தலை ஒத்தது. எனினும் பனியில் கோல் ஊன்ற உறுதியான தளம் உண்டு. கடலில் துடுப்பு நழுவும் நீரையே பற்ற வேண்டும். கட்டுமரக்காரர் அலகை முழுவதும் அமிழ்த்துவதில் காட்டும் கவனத்துக்கு இதுவே காரணம்.

நின்றவாறு துடுப்பிடும் பலகை விளையாட்டும் அலைச்சறுக்கும் சென்னைக்குத் தெற்கே கோவளம், மாமல்லபுரம் ஆகிய இடங்களில் வளர்ந்துள்ளன. இவற்றில் சிறந்து விளங்குவோரில் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் பலர். 2025 ஆகத்து மாதம் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்றது.

மாற்றமும் இன்றைய நிலையும்

1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட வங்காள விரிகுடாத் திட்டம், அலை உடையும் கரைகளில் இறங்கக்கூடிய புதிய படகுகளை வடிவமைக்க முயன்றது. பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகளும் வெளிப்பொறிகளும் பரவின. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் ஏராளமான கட்டுமரங்கள் அழிந்தன. நிவாரணமாகப் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே வழங்கப்பட்டதால் மாற்றம் விரைவுபட்டது. கட்டுமரத்தின் வடிவிலேயே கண்ணாடியிழையால் செய்யப்பட்ட கலங்களும் பயன்பாட்டில் உள்ளன.

பொறி பொருத்திய படகு விரைவாகச் செல்லும். தொலைவில் மீன் பிடிக்கலாம். பெரிய அலையை முந்தவும் இயலும். ஆனால் எரிபொருள் செலவு மிகுதி. பொறி அலைப்பகுதியில் நின்றுவிட்டால் துடுப்பே கைகொடுக்க வேண்டும். அந்நேரத்தில் துடுப்புப் பயிற்சி இல்லாதவர் செய்வதறியாது தவிப்பார். கட்டுமரத்துக்கு எரிபொருள் தேவையில்லை. கரைக்கு அருகில் கவளை, நெத்திலி, நண்டு முதலியவற்றைப் பிடிக்க அது போதுமானது. ஆண்டுதோறும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் மீன்பிடித் தடை கட்டுமரங்களைக் கட்டுப்படுத்துவதில்லை.

இக்கலை நூல் வழியாகக் கற்பிக்கப்பட்டதன்று. சிறுவர் முதலில் கரையலையில் நீந்தவும், பின்னர்ச் சிறு மரத்துண்டில் படுத்து அலையில் வரவும், அதன்பின் தந்தை அல்லது மாமனுடன் மரத்தின் முன்பகுதியில் மண்டியிட்டு வலிக்கவும் பழகினர். பின்முனையில் அமர்ந்து கலத்தின் திசையைக் காக்கும் பொறுப்பு பல்லாண்டுப் பயிற்சிக்குப் பின்னரே கிடைக்கும். பொறிப் படகு பரவியதாலும் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் செல்வதாலும் இப்படிமுறைப் பயிற்சி குறைந்து வருகிறது. 2015 திசம்பர் வெள்ளத்தின்போது சென்னைக் கடற்கரை மீனவர்கள் தம் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவந்து நீரால் சூழப்பட்டோரை மீட்டனர். நீரின் போக்கை அறிந்து கலத்தை நிலையாக நிறுத்தும் திறன் கடலுக்கு வெளியேயும் நகருக்குப் பயன்பட்டதற்கு இது சான்றாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- கட்டுமரம்
- மசூலா படகு
- எலியட்சு கடற்கரை
- அடையாறு
- நெய்தல்
- பனிச்சறுக்கு